ஆறு பூங்கா, ஏழு நாள், மூவாயிரம் டாலர்: கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ஹெச்-1பி விசாவில் வேலை, எனக்கு வேலை இல்லை. பெரியவள் இந்த மாதம்தான் நான்காம் வகுப்புக்குப் போயிருக்கிறாள், சின்னவனுக்கு ஐந்து வயது. வாடகை, காப்பீடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மாதம் 700 டாலர் மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டில் 1,800 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். அவசரத்துக்கென்று 9,000 டாலர் தனியாக வைத்திருக்கிறோம். மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் பள்ளி விடுமுறையில் பாலைவன தேசியப் பூங்காக்களைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஒரு வருடமாகக் கேட்கிறாள். கணவர் பட்டியல் போட்டுவிட்டார்: டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன், எல்லாம் ஏழே நாளில். கார்டில் போட்டுவிட்டு அப்புறம் கட்டலாம், இல்லையென்றால் அவசரப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம், சகோதரி. தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். ஆனால் கார்டிலும் வேண்டாம், அந்த 9,000 டாலரிலும் வேண்டாம். இரண்டையும் தொடாமலே போக முடியும். ஆறு பூங்காவை மூன்றாகக் குறைத்தால் போதும்.

முதலில் அவசரப் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒரே சம்பளம், அதுவும் ஹெச்-1பி. வேலை போனால் அடுத்த வேலையைப் பிடிக்கவோ, விசா நிலையை மாற்றவோ, ஊருக்குக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த 60 நாள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும், ஒருவேளை நான்கு பேருக்கு விமான டிக்கெட்டுக்கும் இந்த 9,000 டாலர்தான் துணை. சொல்லப்போனால் அதுவே குறைவு. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது கார்டு. 1,800 டாலருக்கு 24 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 36 டாலர். பயணச் செலவு 3,000 டாலரையும் அதன் தலையில் ஏற்றினால் மாத வட்டி 96 டாலர் ஆகிவிடும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் 700 டாலரில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு மாதமும் வட்டிக்கே போகும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆகஸ்டில் 700 டாலரையும் கார்டுக்கே கட்டுங்கள். வட்டியோடு சேர்த்து பாக்கி 1,136 ஆகும். செப்டம்பரிலும் அதே 700: பாக்கி சுமார் 459. அக்டோபரில் வட்டியோடு 468 கட்டினால் கணக்கு தீர்ந்தது, கையில் 232 டாலர் நிற்கும். அதற்குப் பிறகு வரும் நான்கு மாத 700-ஐ வேறு ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். பிப்ரவரி கடைசியில் 3,032 டாலர் இருக்கும். இதுதான் உங்கள் பயணப் பணம். இந்த மூன்று மாதமும் அந்தக் கார்டில் புதிதாக எதையும் தேய்க்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இனி பட்டியலுக்கு வருவோம். லாஸ் வேகாஸில் இறங்கி அந்த ஆறையும் சுற்றி வந்தால் 1,300 மைலுக்கு மேல். ஆர்ச்சஸிலிருந்து லாஸ் வேகாஸ் திரும்ப மட்டுமே ஏறக்குறைய 450 மைல். ஐந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு தினமும் ஒரு ஊரில் பெட்டியைப் பிரித்து, மறுநாள் காலை கட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோலில் பெரிய வித்தியாசம் வராது. செலவு கூடுவது வேறு இடத்தில். தினம் ஓர் ஊர் என்றால் சமைக்க முடியாது, மூன்று வேளையும் கடையில்தான். அன்றன்றைக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, என்ன விலை சொல்கிறார்களோ அந்த விலைக்குத் தங்க வேண்டும். ஒரே ஊரில் நான்கு இரவு தங்கினால் இரண்டும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

மார்ச் நடுவில் போவதால் டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன் மூன்றும் சரியான தேர்வு. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலிக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகத்திலேயே அதிக வெப்பம் என்று இன்றும் புத்தகங்களில் இருப்பது அதுதான். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு டெத் வேலிக்குப் போவதாகச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். மார்ச்சில் பகல் இதமாக இருக்கும். பேட்வாட்டர் பள்ளம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே உப்புத் தரையில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் தேன்கூட்டு அறை போல விளிம்பு தூக்கி நிற்கும். பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்க்காமல் நகர மாட்டார்கள். பிரைஸ் கேன்யன் அதற்கு நேர் எதிர், 2,400 மீட்டருக்கு மேல் உயரம். மார்ச்சில் சிவப்புப் பாறைத் தூண்களின் மேல் பனி இருக்கும், அதனால் எல்லோருக்கும் கனமான ஜாக்கெட் வேண்டும். அங்கே போய் வாங்காமல் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நாட்களைப் பார்ப்போம். வெள்ளி, சனி இரவுகளில் லாஸ் வேகாஸ் விடுதிகள் விலையை ஏற்றிவிடும். நீங்கள் ஞாயிறு போய் அடுத்த சனி திரும்புங்கள், லாஸ் வேகாஸில் ஓர் இரவு கூடத் தங்க வேண்டாம். ஞாயிறு, திங்கள் இரவு பரம்ப் என்ற ஊரில். அது லாஸ் வேகாஸிலிருந்து 60 மைல், அங்கிருந்து ஃபர்னஸ் கிரீக்குக்கு இன்னொரு 60 மைல். டெத் வேலிக்கு உள்ளே விடுதியும் பெட்ரோலும் விலை அதிகம், அதனால் பரம்பிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு திங்கள் காலை கிளம்புங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு இரவு, யூட்டா மாநிலத்தில் ஹரிக்கேன் என்ற ஊரில். ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலை விட அங்கே அறை விலை மலிவு, தூரம் 20 மைலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். புதனும் வெள்ளியும் ஸயான், வியாழன் பிரைஸ் போய் வருவது. சனிக்கிழமை காலை கிளம்பினால் நெவாடா வந்து சேரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கும், மாலை விமானத்துக்கு அவசரம் இல்லை.

நுழைவுக் கட்டணத்தில்தான் உங்களுக்கு அதிர்ஷ்டம். டெத் வேலிக்கு காருக்கு 30 டாலர், ஸயானுக்கு 35, பிரைஸுக்கு 35, ஆக 100 டாலர். பலரும் 80 டாலர் கொடுத்து ஆண்டு அட்டை வாங்குவார்கள். நீங்கள் அதையும் வாங்க வேண்டாம். மகள் நான்காம் வகுப்பு அல்லவா? அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ என்ற திட்டத்தில் இலவச அனுமதிச் சீட்டு உண்டு. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். அவள் காரில் இருந்தால் நான்கு பேரும் கட்டணம் இல்லாமல் உள்ளே போகலாம். அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் இது கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே பயணத்தை இன்னொரு வருடம் தள்ளிப் போடாதீர்கள் என்பேன்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வரும் யோசனை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு அட்டை 250 டாலர். ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் அந்த அட்டை இல்லாத, வேறு நாட்டில் வசிப்பவர்களுக்கு, 16 வயது ஆகிவிட்டால், ஆளுக்கு 100 டாலர் கூடுதல்.

காரில்தான் ஏமாறும் இடங்கள் நிறைய. முன்பணம் கட்டாமல், ரத்து செய்யக்கூடிய முறையில் இப்போதே பதிவு செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலையைப் பாருங்கள், இறங்கியிருந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். காஸ்ட்கோ மொத்த விற்பனைக் கடையில் உறுப்பினர் என்றால் அவர்கள் பயணத் தளம் வழியாகப் பதியுங்கள், இரண்டாவது ஓட்டுநருக்குத் தனிக் கட்டணம் வராது. கிளம்பும் முன் உங்கள் சொந்தக் கார் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, வாடகைக் காருக்கும் அந்தக் காப்பீடு செல்லுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் போனேன். நள்ளிரவு, தூக்கத்தில் பிள்ளைகள், கவுன்டரில் இருந்தவர் விபத்து, வழக்கு என்று அடுக்கிக்கொண்டே போனார். பயத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறு நாளுக்கு 170 டாலர். எனக்கு ஏற்கெனவே இருந்த காப்பீட்டையே இரண்டாம் முறை வாங்கியிருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சின்னவனுக்கான இருக்கையை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுத்தால் நாள் கணக்கில் பணம். டெத் வேலியில் மண் சாலைகளில் வாடகைக் காரை இறக்க வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு அனுமதி கிடையாது, டயர் கிழிந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

சாப்பாட்டுக்கு நம் கட்டுச்சோறுதான். சிறிய ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் மதியச் செலவு பாதியாகக் குறையும். அறையில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா என்று கேட்டுப் பதியுங்கள், அறைக்குள் குக்கர் வைக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தயிர் சாதம் எடுத்தால் ஐஸ் பெட்டி வேண்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் என்று காரில் இருக்கட்டும். டெத் வேலியில் பெரும்பகுதியில் செல்போன் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மதிப்பீடு இது. விமானம் நான்கு பேருக்கு 720 டாலர், கார் 420, ஆறு இரவுக்கு அறை 780, சாப்பாடு 350, 900 மைலுக்குப் பெட்ரோல் 130, மற்றவை 150. மொத்தம் 2,550. மீதி ஏறக்குறைய 480 டாலர் கைக்காவல். நவம்பர் கடைசியில் உங்கள் கணக்கில் 932 டாலர் இருக்கும், விமான டிக்கெட்டை அப்போது வாங்குங்கள். அறைக்கும் காருக்கும் அங்கே போய்த்தான் பணம் கொடுக்கப் போகிறீர்கள். டிக்கெட் 932 டாலரைத் தாண்டினால் ஞாயிறுக்குப் பதில் திங்கள் கிளம்பிப் பாருங்கள், ஓர் அறை வாடகையும் குறையும். அப்போதும் தாண்டினால் பிரைஸ் கேன்யனை விட்டுவிடுங்கள், கார்டை எடுக்காதீர்கள்.

மகளுக்கு இன்னொரு செய்தி. மூன்று பூங்காவிலும் பார்வையாளர் மையத்தில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ புத்தகம் கேட்டு வாங்கட்டும். பூர்த்தி செய்து கொடுத்தால் ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், அவளை உறுதிமொழி சொல்ல வைத்து ஒரு பேட்ஜ் கொடுப்பார். தம்பியும் செய்யலாம். நினைவுப் பொருள் கடைக்குள் நுழைவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஸயானில் பள்ளத்தாக்குக்குள் ஓடும் இலவசப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஆற்றோரமாகச் சமதளப் பாதை ஒன்று இருக்கிறது, சின்னவன் கால்களுக்கு ஏற்றது.

செப்டம்பர் 1 அன்று மகளை உட்கார வைத்து ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ திட்டத்தின் இணையதளத்தைத் திறங்கள். சிறு பயிற்சி ஒன்று வரும், அவளே செய்யட்டும். முடித்ததும் அனுமதிச் சீட்டைத் தாளில் அச்சிடுங்கள். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) நகல் இருக்கும் உறையிலேயே அதையும் வைத்துவிடுங்கள். அந்த உறை எப்படியும் உங்களோடு வர வேண்டும்.