கால்சியம் போட்டும் கால் இழுக்கிறதே?

கேள்வி: எனக்கு 46 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோயால் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றுத் துளை வழியே வெளியே விட்டு, கழிவு சேர இலியோஸ்டமி பை வைத்திருக்கிறார்கள். தினமும் கால்சியம் மாத்திரை போட்டும் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. இடுப்பும் வலிக்கிறது. சத்தெல்லாம் பையில் போய்விடுகிறதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கால்சியத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் சிறுகுடல்தான். அது முழுசாக இருந்தால் கால்சியம் அவ்வளவாக வீணாகாது. பையில் அதிகம் போவது தண்ணீர், உப்பு, கூடவே மக்னீசியம். மக்னீசியம் குறைந்தால், ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிக்கிற, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும். அப்புறம் எவ்வளவு கால்சியம் விழுங்கினாலும் ரத்தத்தில் ஏறாது. கால் இழுப்பும் விரல் மரத்துப்போவதும் இதனால் வரலாம். ஆகவே மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் கால்சியம், மக்னீசியம், வைட்டமின் டி, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகளைக் கேளுங்கள். பேன்டோபிரசோல் போன்ற அமில மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மக்னீசியம் இன்னும் இறங்கும். மக்னீசியம் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதில் சில வகை வயிற்றோட்டத்தைக் கூட்டி, இருப்பதையும் வெளியே தள்ளிவிடும்.

இனி இடுப்பு வலி. கொலைட்டிஸுக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டிருப்பீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் போயிருந்தால், எலும்பு மெலிவுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அவசியம். மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் அதில் கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். அமில மாத்திரை எடுப்பவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் வகை பொருந்தும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி-யை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள்.

ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, 200 மி.லி. பாலில் சுமார் 240 கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர். கேழ்வரகு மாவை நன்றாகச் சலித்துக் கூழ் காய்ச்சி, மோரும் உப்பும் சேர்த்துக் குடியுங்கள். வெளியேறுவதும் சற்றுக் கெட்டிப்படும். தெருமுனைக் கூழ்க்கடையில் தொட்டுக்கொள்ளத் தரும் பச்சை வெங்காயம், மாங்காயை மட்டும் ஒதுக்குங்கள், அல்லது கூழாக மெல்லுங்கள். காசிமேட்டு நெத்திலியைக் குழம்பில் வேகவைத்து, முள்ளோடு மென்று தின்றால் நல்ல கால்சியம். முருங்கைக்கீரையை அரைத்து வடிகட்டிச் சூப்பாக்கலாம். பசலைக்கீரையில் கால்சியம் உண்டு, ஆனால் அந்தக் கீரையில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அதை உடம்பில் சேர விடாது.

தாகத்துக்கு வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும். 1 லிட்டரில் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை கலந்து பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். பையில் ஒரு நாளைக்கு 1.5 லிட்டருக்கு மேல் வந்தால் வீட்டு வைத்தியம் போதாது, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இலியோஸ்டமி பை இருக்கிறது. எலும்பு பலப்பட வேலை செய்யச் சொல்கிறார்கள். லாரித் தண்ணீர் பிடித்துக் குடம் தூக்கலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம். நிறைகுடம் ஏறக்குறைய 15 கிலோ. ஸ்டோமா, அதாவது குடலை வெளியே விட்ட வயிற்றுத் துளை, அதன் பக்கத்தில் குடலிறக்கம் வரலாம், அதிலும் ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதம் ரொம்பக் கவனம். வேகநடை, மாடிப்படி ஏறுவது போதும். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வேறு யாராவது கொண்டுவரட்டும்.