சிறுநீர்த் தொற்றில் ஈ.கோலை பாக்டீரியா நூல்போல நீள்வது ஏன்? ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்பது?

நீண்டுவிட்டால் சாகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள குச்சி இது. சிறுநீர்ப்பைச் செல்லுக்குள் பெருகும்போது உருண்டையாகக் குறுகும். வெளியேறும்போது சில 50 மைக்ரோமீட்டரையும் தாண்டி நூலாகும். வளர்ச்சி நிற்பதில்லை, பிளவு மட்டும் நிற்கிறது. டிஎன்ஏ சேதமானால் சுல்-ஏ புரதம், செல்லைப் பிரிக்கும் எஃப்டிஎஸ்-இசட் வளையம் உருவாவதைத் தடுக்கும். இது ஒரு வழி.

பார்ப்பதற்கு, சிறுநீர்ப்பைச் செல் அடுக்கை ஓட்ட அறையில் (திரவம் தொடர்ந்து ஓடும் சிறு அறை) வளர்த்து, 37 டிகிரியில் தொற்றை ஏற்றி, கடைசியில் ஊடகத்துக்குப் (ஊட்டத் திரவம்) பதில் மனிதச் சிறுநீரை ஓட விடுவார்கள். சிறுநீரை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டுங்கள். ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் சூடாக்கினால்) யூரியா சிதைந்து காரத்தன்மை ஏறிவிடும்.

பலர் சறுக்குவது எண்ணிக்கையில்தான். நூல் எவ்வளவு நீளமானாலும் வளர்ப்புத் தட்டில் ஒரே காலனி (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்). திரவத்தின் கலங்கல் அளவோ நூல் வளர வளர ஏறிக்கொண்டே போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நுண்ணோக்கியைப் பாருங்கள். மெல்லிய பிப்பெட் முனையால் வேகமாக உறிஞ்சினால் நூல் அறுந்துவிடும், முனையை வெட்டி அகலப்படுத்துங்கள். புது ஊடகத்தில் போட்டால் அவை மீண்டும் குச்சிகளாகப் பிரியத் தொடங்கும். அதனால் நூல் வடிவிலேயே பார்க்க, மாதிரியை எடுத்த உடனே ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள். இன்னொன்று: பீட்டா-லாக்டம் (பெனிசிலின் வகை) ஆன்டிபயாடிக் மருந்துகள் சிலவும் இதே தோற்றம் தரும், மருந்தில்லாத ஒப்பீட்டு மாதிரி கட்டாயம்.