மக்காச்சோளத்தை இன்றே அறுப்பதா, காயவிட்டு அறுப்பதா?

பெரம்பலூர் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம், 105 நாள் ஆகிவிட்டது. ஈரப்பதம் 22 சதவீதம் காட்டுகிறது. வியாபாரி இப்போதே கிலோ 20 ரூபாய்க்குக் கேட்கிறார், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 24 ரூபாயாம். காய்ந்தால் எடை குறையுமே, எது லாபம்?"

முதலில் நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மார்கழிப் பனியில் பயிர் மெதுவாகத்தான் முற்றும். ஒரே ரகம் ஒரு வருடம் 100 நாளில் வரும், இன்னொரு வருடம் 110 நாளைத் தாண்டும். கதிரைத்தான் கேட்க வேண்டும். வயலில் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு கதிரை உரித்து, நடுவரிசையிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்தெடுங்கள். கட்டையோடு ஒட்டியிருந்த கூர்நுனியை நகத்தால் சுரண்டினால் உள்ளே கறுப்பாக ஒரு மெல்லிய படலம் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் மணிக்குள் இனி மாவு ஏறாது. அந்த நேரத்தில் ஈரம் சுமார் 30 முதல் 35 சதவீதம் இருக்கும், அதற்குப் பிறகு இறங்குவதெல்லாம் தண்ணீர்தான். உங்கள் பயிர் 22க்கு வந்துவிட்டதால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சரி, இப்போது எடை. ஈரம் 22லிருந்து 14க்கு, அதாவது 8 புள்ளி இறங்கினால் 100 கிலோவுக்கு 8 கிலோதான் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் தண்ணீர் போக மிஞ்சும் சரக்கு 78 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 78 கிலோ அப்படியே இருக்கும், ஆனால் அப்போது அது மொத்த எடையில் 86 சதவீதம். 78ஐ 86ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 90.7 கிலோ. குறைவது 9.3 கிலோ, புள்ளிக்கு 1.16 கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு ஒன்றரை கிலோ கழிப்பேன் என்று யாராவது சொன்னால், குவிண்டாலுக்கு 2.7 கிலோ உங்கள் சரக்கு சும்மா போகிறது.

விலைக்கும் இதே கணக்குதான். 24 ரூபாயை 0.907ஆல் பெருக்கினால் 21.77. இன்றைய ஈரச் சரக்குக்கு நியாயமான விலை அதுதான். வியாபாரி 22 கொடுத்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம். 20 என்றால் கிலோவுக்கு 1.77 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஏக்கருக்கு 2,800 கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 4,950 ரூபாய். காயவைக்கும் கூலி 1,500 போனாலும் 3,450 மிச்சம்.

அப்புறம் மழை. 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த மழை அறுவடைக்கு நின்ற பயிர்களை என்ன செய்தது என்பதை மறக்க முடியாது. நனைந்து கறுத்த சரக்குக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் குறைப்பார்கள் என்று வையுங்கள். 2,800 கிலோ காய்ந்தால் 2,540 கிலோ, அதற்கு 7,620 ரூபாய் போகும். 3,450ஐ 7,620ஆல் வகுத்தால் 0.45. அதாவது மழை வர வாய்ப்பு 45 சதவீதத்துக்குக் கீழே என்றால் காயவைப்பது லாபம், அதற்கு மேலே என்றால் இன்றே விற்பது நல்லது. 1,500, 3 என்ற இரண்டும் நான் வைத்த எண்கள். உங்கள் ஊர்க் கூலியையும், உங்கள் வியாபாரி குறைக்கும் தொகையையும் போட்டுப் பாருங்கள்.

செடியிலேயே விட்டுக் காயவைக்க நான் சொல்லமாட்டேன். நாளுக்கு அரைப் புள்ளிதான் இறங்கும் என்று வைத்தால் 16 நாள். கிளி, காட்டுப்பன்றி, தண்டு சாய்வது எல்லாம் அந்த 16 நாளுக்குள்தான். கதிரை ஒடித்துக் களத்தில் பரப்பி, நல்ல வெயிலில் காயவைத்துவிட்டு அடியுங்கள். ஈரமாக அடித்தால் மணி உடையும், உடைந்த மணியில் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். அது விடும் நஞ்சு கோழிக்கு ஆகாது, அதனால்தான் தீவன ஆலைக்காரர்கள் ஈரத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள். தார்ப்பாய் களத்தோரமே இருக்கட்டும்.

ஈரம் அளக்கும் கருவி கைவசம் இல்லாத நாளில், நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கை மணியும் கொஞ்சம் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல், இன்னும் ஒரு வெயில் வேண்டும். லோடு ஏற்றும் அன்று எடைச் சீட்டில் ஈரப்பத எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.