அமெரிக்காவில் விளைநிலத்தை மறுபடி சதுப்பு நிலமாக்க அரசே காசு கொடுக்கிறதாமே, பைத்தியக்காரத்தனம் இல்லையா?

"விளைநிலம்"னு நீங்களே முடிவு பண்ணிட்டுக் கேக்குறீங்க, அங்கதான் இடிக்குது. ஏதோ வீடியோ பாத்துட்டு வந்திருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல, வடக்குப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளா வந்தவ, எங்க நிலத்துலயே இதப் பண்ணிருக்கோம்.

இது பனிப்பாறை உருகி விட்டுட்டுப் போன பள்ளமும் மேடுமான பூமி. அந்தக் காலத்துலயே அடியில சுட்ட களிமண் குழாய் பதிச்சு, இங்க டைல்னு சொல்லுவாங்க, தண்ணிய ஓடைக்கு இழுத்து விட்டுத்தான் மக்காச்சோளமும் சோயாவும் போட்டாங்க. அயோவாவோட சதுப்பு நிலத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் இப்படித்தான் காணாம போச்சு, பழைய புல்வெளி 0.1 சதவீதம்கூட மிச்சமில்ல. எங்க பள்ளத்துல டைல் இருந்தும் மே மாசம் மழை வலுத்தா விதை அழுகிடும், மறுபடி விதை, மறுபடி டீசல், மாமனார் பிடிவாதமா விதைச்சுக்கிட்டே இருப்பார்.

"நிலத்தப் புடுங்கிட்டாங்க"ன்னு கமெண்ட் போட வர்றவங்க கொஞ்சம் பொறுங்க. நிலம் நம்ம பேர்லயேதான் இருக்கு. ஈஸ்மென்ட்னு ஒரு ஒப்பந்தம், நிரந்தரமாவோ 30 வருஷத்துக்கோ பயிர் பண்ற உரிமைய அரசுக்கு விக்கிறோம், அதுவும் நாமளா விரும்பிப் போனாத்தான். பக்கத்து வயலுக்குத் தண்ணி ஏறாதுன்னு சர்வே எடுத்த பிறகுதான் கைய வைப்பாங்க.

டைல் உடைச்ச அன்னிக்கு பேக்ஹோ, அதான் மண்ணு தோண்டுற வண்டி, தோண்டத் தோண்ட கருப்பு மண்ணு, அதுக்குக் கீழ சாம்பல் களிமண்ணு, அதுல ஒரு அடி நீளத் துண்டு துண்டா செங்கல் கலர்ல குழாய், உள்ள அப்பவும் தண்ணி ஓடிட்டு இருக்கு! கொஞ்ச தூரம் நொறுக்கி, களிமண் போட்டு அடைச்சு, கரை கட்டிட்டாங்க. மாமனார் முழுசா இருந்த ஒரு துண்ட எடுத்து பிக்கப்ல வெச்சுக்கிட்டார், அவங்க தாத்தா பதிச்சதாம்.

மேட்டுல புல் விதை. முதல் வருஷம் பாத்தா வெறும் களைதான், நாட்டுப்புல் மொதல்ல வேர்லதான் வளரும், களைய அப்பப்ப வெட்டி வெளிச்சம் விடணும். பக்கத்து வயல்காரர் நக்கலா சிரிச்சார். இப்ப பிக் புளூஸ்டெம்ங்கற நாட்டுப்புல் ஆள் உயரத்துக்கு மேல நிக்குது, வாத்து வந்து குஞ்சு பொரிக்குது.

அரசு ஏன் காசு தரணும்னா, டைல் தண்ணியோட குடிநீரக் கெடுக்குற நைட்ரேட்டும் சேர்ந்து ஆத்துக்குப் போகுது, அந்த ஆத்துத் தண்ணியத்தான் அயோவா தலைநகர் டெ மொய்ன் ஊரே குடிக்குது. சதுப்பு நிலம் இருந்தா அந்த நைட்ரேட்டக் குறைக்கும். அந்த ஊர் குடிநீர் வாரியம் 2015ல வடிகால் மாவட்டங்கள், அதாவது வயல் வடிகாலப் பாத்துக்குற உள்ளூர் அமைப்புகள் மேல கேஸே போட்டுச்சு, 2017ல தள்ளுபடி ஆயிடுச்சு. எல்லா வயலையும் குளமாக்கச் சொல்லல, விளையாத மூலையத்தான் சொல்றேன்.

ஆனா எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல "அமெரிக்கா போய் கொசு வளக்குறியா"ன்னு கேட்டது யார் தெரியுமா, தஞ்சாவூர்ல தாத்தாவோட ரெண்டு போக நஞ்சைய பிளாட் போட்டு வித்த சித்தப்பா. விக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கையெழுத்து வேணும்னதும் மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்துச்சு.