சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அபிசீனியன் பூனை வளர்க்கலாமா? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்

வளர்க்கலாம். ஆனால் காலையில் பூட்டினால் ராத்திரி வந்துதான் திறக்கிற வீடு என்றால், ஒற்றைப் பூனையாக வேண்டவே வேண்டாம். வீடு சின்னதாக இருப்பது இந்த இனத்துக்குப் பெரிய குறை இல்லை. வீட்டில் ஆள் இல்லாததுதான் குறை.

புதுசாக பிடிஓ (பதிவு செய்தபின் வீவக கட்டித்தருகிற) வீட்டுச் சாவி வாங்கிய இளம் தம்பதி, இன்ஸ்டாகிராமில் அந்தச் செம்பட்டை முடியையும் பெரிய காதையும் பார்த்து மனசு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

"புளோக்குக்குக் கீழே எத்தனை பூனை கிடக்கிறது, காசு கொடுத்து இனப்பூனை வாங்குவதா?" என்று இங்கேயும் யாராவது வருவார்கள். என் அபிசீனியன், பெயர் சுக்கு, காசு கொடுத்து வாங்கிய பூனை இல்லை. கூட வேலை பார்த்த தோழி கனடாவுக்குக் குடிபோகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. வாங்கியிருந்தாலும் உங்களுக்கு என்ன என்று கேட்க ஆசைதான், சரி, போகட்டும்.

பெயரைப் பார்த்து எத்தியோப்பியப் பூனை என்று நினைப்பார்கள். 1868-இல் அபிசீனியப் போருக்குப் போன பிரிட்டிஷ் படை கொண்டுவந்ததாக ஒரு கதை உண்டு. ஆனால் மரபணு ஆய்வுகள் கைகாட்டுவது இந்தியப் பெருங்கடல் ஓரத்தை. நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் 1830-களில் வாங்கிய பாடம் செய்த பூனை ஒன்று இருக்கிறது. அதன் அட்டையில் இந்திய வீட்டுப்பூனை என்றுதான் எழுதியிருக்கிறதாம். ஆக, நம்ம பக்கத்து ஆளாகவும் இருக்கலாம். சுக்குவின் பிடிவாதத்தைப் பார்த்தால் நான் நம்புகிறேன்.

மடியில் சுருண்டு படுக்கிற பூனை வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள். இது மடிக்கு வராது. ஆனால் நீங்கள் இருக்கிற இடத்தில் இருந்தே ஆகவேண்டும். நான் சமைத்தால் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து மேற்பார்வை. குளிக்கப் போனால் கதவிடுக்கில் ஒரு கால் மட்டும் உள்ளே வந்து துழாவும். கசக்கிப் போட்ட ரசீதைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும். எறிந்தால் ஓடி எடுத்து வரும். சத்தம் அதிகம் போடாத இனம் என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆள் இருக்கும்வரை.

எங்கள் கதை அங்கேதான் தொடங்கியது. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அலுவலகம் தினமும் வரச்சொன்ன பிறகு, சுக்கு வயிற்று முடியை நக்கியே வழித்துவிட்டது. தோல் தெரிந்தது. பூச்சியோ ஒவ்வாமையோ என்று மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. அதே வாரம் எதிர்வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: உங்கள் பூனை பகலெல்லாம் கத்துகிறது, புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கு மேல்மாடியில் அப்போது ரெனவேஷன். சுவர் உடைக்கிற மாதிரி சத்தமான வேலையெல்லாம் வார நாளில் ஒன்பதிலிருந்து ஐந்து மணிக்குள்தான், சனி ஞாயிறு கூடாது என்பது வீவக விதி. அங்கே சனிக்கிழமை காலையில் டிரில் போட்டார்கள். எங்கள் சாமி மேடையில் விளக்கு ஆடியது. அதற்கு எங்கள் தளத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டதற்கு "புது வீடு செய்கிறார்கள், பாவம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அதே எதிர்வீட்டுக்காரர். நாலு கிலோ பூனை மியாவ் என்றால் மட்டும் புகார். அந்த மேல்மாடிக் குடும்பம் குடிவந்து பலகாரத்தோடு வந்தபோதும் எனக்கு மனசு ஆறவில்லை. சரி, பூனைக்கு வருவோம்.

தீர்வு, புளோக்குக்குக் கீழேயே கிடைத்தது. தன்னார்வலர்கள் கருத்தடை செய்து பராமரித்து வந்த, வால் நுனி மடங்கிய ஊர்ப்பூனை ஒன்று. கோணல் வால் பூனைகள் இந்த ஊரில் சகஜம். அதை ஒரு அறையில் தனியாக வைத்து, கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தட்டு வைத்துச் சாப்பாடு போட்டு, துண்டை மாற்றி மாற்றி மோந்து பார்க்கவிட்டு, பொறுமையாகத்தான் சேர்த்தோம். இப்போது இரண்டும் வீட்டைத் துவம்சம் செய்கின்றன. சுக்குவின் வயிற்றில் முடி வளர்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் செய்தியும் வருவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இரண்டாக வளர்க்கக் கணக்குப் போடுங்கள். 1989-இலிருந்து வீவக வீட்டில் பூனைக்குத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு வரை அனுமதி. மைக்ரோசிப், உரிமம், இணையப் பயிற்சி எல்லாம் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு வலை பூனை வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கம்பி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், தலை நுழைகிற இடத்தில் இது முழுசாக நுழைந்துவிடும். வாசல் கேட்டுக்கும் அப்படியே.

நம் வீடுகளுக்கு என்றே ஒரு ஆபத்து உண்டு, அதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்கவில்லை: பூச்சரம். வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் வாங்கி சாமி படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரத்தை சுக்கு இழுத்துப்போட்டு, பூவைத் துப்பிவிட்டு நூலை விழுங்கிக்கொண்டிருந்தது. பூனை நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருப்பதால், நினைத்தாலும் நூலைத் துப்ப முடியாது. வாயோரம் கொஞ்சம் தொங்கியது. என் வீட்டுக்காரர் இழுக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன். மறுமுனை நாக்கின் அடியிலோ குடலிலோ மாட்டியிருந்தால், இழுக்கிற நூல் குடலை அறுத்துவிடும். அப்படியே டாக்சியில் தூக்கிப்போய், மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். இப்போது எங்கள் சாமிக்கு உதிரிப்பூதான். அம்மாவுக்கு இதில் வருத்தம். அப்புறம், யாராவது லில்லிப் பூங்கொத்து கொண்டுவந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதன் மகரந்தம் பட்ட முடியை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

வாங்குவதாக இருந்தால், தாய் தகப்பன் பூனைகளின் மரபணுச் சோதனைத் தாளைக் கேளுங்கள். பைருவேட் கைனேஸ் குறைபாடு என்று ஒன்று, ரத்தசோகை தரும். விழித்திரை மெல்ல மெல்லச் செத்துப் பார்வை போகிற நோய் இன்னொன்று. இரண்டுக்கும் சோதனை இருக்கிறது. "எங்கள் பூனைக்கு அதெல்லாம் இல்லை" என்று வாயால் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். ஈறு வீக்கமும் இந்த இனத்தில் வரும், பல் தேய்த்துப் பழக்குங்கள்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது, ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். நம் சமையலில் அது இல்லாத குழம்பு ஏது? என் மாமியாரிடம் சொன்னால் "ஊரில் எல்லாப் பூனையும் மீன்குழம்புச் சோறு தின்றுதான் வளர்ந்தது" என்கிறார். அவர் வந்து தங்குகிற நாட்களில் நாங்கள் சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவும்வரை இரண்டு பூனைகளும் படுக்கையறையில், கதவு சாத்தி.