மாமியார் சொன்னால் பிள்ளை போய்விடாது

தங்கச்சி, மகனோடு களுவாஞ்சிகுடியில் அம்மா வீட்டில் இருக்கிறீங்க, கத்தாரில் இருக்கும் கணவர் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார், "ஆம்பிளைப் பிள்ளை தகப்பனுக்குத்தான்" என்று மாமியார் மிரட்டுகிறார் என்று எழுதியிருந்தீங்க. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில் தகப்பனுக்கு முன்னுரிமை இருந்தது உண்மைதான். ஆனால் இன்று நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. கத்தாரில் இருப்பவர் கேட்டாலும், பிள்ளையை உண்மையில் யார் வளர்க்கப் போகிறார்கள்? அந்தக் கேள்வியை உங்கள் சட்டத்தரணி விடாமல் கேட்கவேண்டும்.

இப்போதே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பள்ளிக்கூட வரவு, ரியூசன் காசு கட்டிய துண்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்க. அவர் அனுப்பிய வாட்சப் குரல்பதிவுகளை அழிக்காதீங்க. கோபத்தில் நீங்களும் ஒன்றும் அனுப்பாதீங்க, அதுவும் வழக்கில் வரும். பிள்ளையின் நிலையைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு விசாரிக்க வரலாம், பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்க. மகன் தகப்பனோடு போனில் பேசுவதை மட்டும் தடுக்காதீங்க. தடுத்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

செலவுக்காசு வரவில்லையென்றால் விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கு, அழைப்பாணையையும் கையோடு கொண்டு போங்க. வழக்குத் தவணைக்கு மட்டும் போகாமல் விட்டுவிடாதீங்க.