நெட்ரின் இழுக்கிறதென்றால் ஆக்ஸான் நடுக்கோட்டிலேயே ஏன் நின்றுவிடவில்லை?

சரியான இடத்தில்தான் சிக்கியிருக்கிறீர்கள். நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போக வேண்டிய ஆக்ஸானை, அதாவது வளரும் நரம்புச் செல்லின் நீண்ட இழையை, நெட்ரின் என்ற புரதம் அந்தக் கோட்டுக்கு இழுக்கிறது என்று உங்கள் பாடக்குறிப்பு சொல்வது பாதிக் கதைதான். தண்டுவட நடுக்கோட்டுச் செல்கள் ஈர்க்கும் நெட்ரினோடு ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தையும் சேர்த்தே சுரக்கின்றன. அப்படியானால் ஆக்ஸான் முதலில் உள்ளே வருவது எப்படி? விடை அதன் நுனியில் இருக்கிறது. ஸ்லிட்டை உணரும் ரோபோ ஏற்பியை, பழ ஈயில் காமிஷூர்லெஸ் என்ற புரதம் செல் பரப்புக்கே போகவிடாமல் தடுத்துவிடும், அதனால் அந்த நேரத்தில் விரட்டல் ஆக்ஸானுக்குத் தெரியவே தெரியாது. கடந்ததும் தடை நீங்கி ரோபோ மேலே வருகிறது, ஸ்லிட் விரட்டுகிறது, கூடவே நெட்ரினின் இழுப்பும் அடங்கிவிடுவதால் திரும்பி வர வழியில்லை. ரோபோ இல்லாத ஈக்களில் ஆக்ஸான்கள் நடுக்கோட்டைத் திரும்பத் திரும்பக் கடந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா!

பாலூட்டிகளில் காமிஷூர்லெஸ் இல்லை, கடக்க உதவுவது ரோபோ குடும்பத்தைச் சேர்ந்த ரோபோ3 என்ற புரதம். மனிதரில் அதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் கண்களைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, முதுகெலும்பும் வளைந்துகொண்டே போகும். அப்புறம் ஒன்று, நெட்ரின் நடுக்கோட்டிலிருந்து மட்டும் வருகிறது என்று எழுதிவிடாதீர்கள். வழிநெடுக உள்ள முன்னோடிச் செல்களும் (நரம்புச் செல்களை உருவாக்கும் செல்கள்) அதைத் தருகின்றன என்று 2017-இல் எலிகளில் காட்டிவிட்டார்கள்.